சோடி சேத்த சவுக்கு மரம்

எங்க ஊருல கிறிஸ்மஸ் மரத்துல எதை மாட்டுனாலும் ரெண்டு ரெண்டாத்தான் மாட்டுவோம், நட்சத்திரம்னா ரெண்டு, மணின்னா ரெண்டு, பஞ்சுல செஞ்ச தாத்தான்னா அதுலயும் ரெண்டு தாத்தா. புதுசா மாறி வார ஐயருமாரு, நாங்க பாதிரியாரை ஐயர்னுதான் சொல்லுவோம், அவுக எல்லாம் மொத வருசம் சிரிப்பாக, “பெத்லகேமுக்கு வந்தது ஒரு நட்சத்திரந்தானம்மா”ம்பாக, “வந்தது ஒண்ணுதான் ஐயரே, திரும்பிப் போகையில அதுக்குத் தொணை வேண்டாமா”ன்னு நாங்க சொல்லிப்போடுவோம், அதுக்குமேல அவுகளும் கேக்க மாட்டாக, நாங்களும் சொல்ல மாட்டோம். நீங்க கேட்டுட்டிய. கடையில வாங்குன பெட்டியப் பிரிச்சு வச்சுக்கிட்டு இது வேணும் அது வேண்டாம்னு தெரிஞ்செடுக்கியளே, எடுங்க, கை பாட்டுக்கு எடுக்கட்டும், காதை மட்டும் இங்கன குடுங்க. அந்தச் செவப்புப் பந்து ஒண்ணு ஒடஞ்சிருக்கு பாருங்க, அதோட சோடியையும் எடுத்து ஓரமா வச்சிருங்க, மாட்டாதிய.

இது நடந்து பத்து கிறிஸ்மஸ் ஆகப் போவுது. அந்த வருசம் கோயில்ல சோடனைச் சாமான் வச்சிருந்த மரப்பெட்டியக் கறையான் தின்னுட்டு. சாமான மட்டும் இல்ல, பெட்டியவும் தின்னு, பெட்டிக்கு அடியில இருந்த பழைய பாட்டுப்புஸ்தகத்தையும் தின்னு, கடைசியில பூட்டு மட்டும் கெடந்துது, பூட்டித்தான் கெடந்துது. எங்க வீட்டுல அவுக, அப்பாத்துரைன்னு பேரு, அப்ப கோயில்குட்டியா இருந்தாக, கோயிலக் கூட்டி மணியடிக்க ஆளுக்கு எங்க பக்கம் அதுதான் பேரு, ஆனா மணியடிக்கதுதான் அவுக, கூட்டுதது நானு. அவுக அந்தப் பூட்டை உபதேசியார் கையில கொண்டு குடுத்து, “இதுதான் மிச்சம், சாவி வேணுமா?”ன்னு கேட்டாக. உபதேசியார் யேசுவடியான், ஐயரு இல்லாத நாளு செபம் நடத்துதவரு, நல்ல மனுசன், ஆனா கோவக்காரன், ஒரு தடவை செபம் நீளமாப் போகையில ஆசீர்வாதத்துக்கு முந்தி தூங்குனவன எழுப்பி ஆமென் சொல்ல வச்சுட்டுத் திரும்பப் படுக்கச் சொன்ன ஆளு. அவரு ஞாயித்துக்கிழமை ஆராதனை முடியவும் எந்திரிச்சு, “சபையாரே, மரம் சோடிக்கணும், வீட்டுக்கு ஒரு சாமான் கொண்டு வாங்க, ஒத்தச் சாமானா இருந்தாலும் போதும்”னு அறிக்கை வாசிச்சாரு.

அவரு சொன்னது, ஒரே ஒரு சாமானா இருந்தாலும் பரவாயில்லங்கது. ஊரு கேட்டது வேற. எங்க ஒலிவாபுரத்துல ஒத்தச் சாமான்னா சோடி தொலைஞ்ச சாமான்னு அர்த்தம். ஒரு காதுக்கு மட்டும் இருக்க கம்மலு, ஒரு கால் கொலுசு, ஒரு மாட்டு மணி, வலது கைக்குள்ளது தொலைஞ்ச எடது கையுறை, இதெல்லாம் தூரவும் போட முடியாம, போடவும் முடியாம எல்லா வீட்டுலயும் ஒரு டப்பாவுல கெடக்குமில்லா, அதை எல்லாம் அள்ளிக்கிட்டு வந்துட்டாக. கடற்கரைத் தோப்புல வெட்டுன பச்சைச் சவுக்கு, ரெண்டு ஆள் உயரம், அதைக் கோயிலுக்குள்ள மண்ணுப்பானையில நட்டு நிறுத்தியிருந்துது. அதுல இதுகள மாட்டப் போனா உபதேசியாருக்கு மூச்சு முட்டிட்டு. “ஏ என்னய்யா இது, கிறிஸ்மஸ் மரமா காயலாங்கடையா?”ன்னு கத்துனாரு. “நீருதான ஒத்தச் சாமான் கேட்டீரு”ன்னு எல்லாரும் ஒரே வாயாச் சொல்லிட்டாக. எங்க வீட்டுல அவுக இதுதான் சமயம்னு தன்னோட ஒத்தச் செருப்பைக் கழுவி மாட்டப் போனாக. அதோட சோடிய நாய் தூக்கிட்டுப் போயி ஒரு மாசம். உபதேசியார் செருப்பைப் பாத்துட்டு வாயத் தொறந்தாரு, அதுக்குள்ள ஐயரு வந்து, “விடுங்க உபதேசியாரே, மோசேயும் கர்த்தருக்கு முன்னால செருப்பைக் கழட்டித்தான வச்சாரு”ன்னுட்டாரு. சரி, ஒரு ஓரமா, பின்பக்கமா மாட்டுங்கன்னு விட்டாச்சு.

மறுநாள் விடிய நாலரைக்கு நான் கூட்டப் போனேன். மரத்துல ரெண்டு செருப்பு தொங்குது. புதுசா வந்த செருப்புல குதிங்கால் பக்கம் நாய் கடிச்ச தடம் இருக்கு. அதுக்கு மேல கொப்புல ரெண்டு மாட்டு மணி, இந்தப் பக்கம் ரெண்டு கொலுசு, அந்தப் பக்கம் ரெண்டு கம்மல், எல்லாத்துக்கும் சோடி வந்துட்டு, ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் ஒரு சாண் எடவெளி விட்டு, அளந்து மாட்டுன மாதிரி. நான் வெளக்குமாத்தைச் சாத்தி வச்சுட்டு, “ஏங்க, ஒங்க செருப்பு வந்துருக்கு”ன்னேன். அவுக மணிக்கயித்தை விடாமலே, “சோடியாவா?”ன்னாக. “ஆமா.” “வேலை முடிச்சுட்டு எடுத்துட்டு வா”ன்னு மணியடிக்கப் போயிட்டாக. அவ்வளவுதான். மரம் சோடிக்கதுன்னா அழகு பண்ணுததுன்னு ஒங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், ஆனா சோடின்னா ரெண்டுன்னும் அர்த்தம் இருக்கில்லா, மரத்துக்கு யாரு வெளக்கஞ் சொன்னா? அது கேட்டபடி செஞ்சுது.

ஊரு அதைப் பெருசா எடுத்துக்கிடல. ரெண்டு நாளைக்கு ஆச்சரியப்பட்டாக, மூணாம் நாளு குத்தஞ் சொல்ல ஆரம்பிச்சுட்டாக. வந்த கொலுசு கறுத்துப் போயிருக்குன்னு ஒருத்தி, வந்த மணி சத்தம் மட்டமா இருக்குன்னு ஒருத்தன். ஒரு பாட்டிக்கு அறுவது வருசத்துக்கு முந்தி பள்ளிக்கூடத்துக் கெணத்துல விழுந்த கம்மல் வந்துட்டு, பாசியோட வந்துது, அவ அதைப் போட்டுக்கிட்டு மூணாம் வகுப்பு டீச்சர் அடிச்சதை நெனச்சு ஒரு நாளு முழுக்க அழுதா. அக்கம்பக்கத்து ஊருக்காரங்க ஒத்தச் செருப்பு மூட்டையோட வந்து நின்னாக, உபதேசியார் அதுக்கு ஒரு வரிசை போட்டாரு, காலையில அம்மன் கோயில் தெருக்காரங்க, மத்தியானம் பள்ளிவாசல்காரங்க, சாயங்காலம் நம்ம சபையாருன்னு, எல்லாருக்கும் சோடி வந்துது, மரம் ஞானஸ்நானச் சீட்டா கேட்டுது? மரத்தைப் பாத்தா காயலாங்கடை மாதிரித்தான் இருந்துது, ஆனா அவ்வளவு அழகான மரத்த நான் அதுக்கு முந்தியும் பாக்கல, பொறவும் பாக்கல.

பையப் பையத்தான் மரத்தோட கணக்கு எங்களுக்குப் பிடிபட்டுது. மேலத்தெரு செல்லக்கனிக்கும் அவ அக்கா கனகமணிக்கும் ஆத்தா செத்த அன்னைக்கு அவ வளையலுக்காகச் சண்டை. ஆளுக்கொண்ணா எடுத்துக்கிட்டு பதினாலு வருசம் பேச்சுவார்த்தை இல்ல, அக்காகாரி பம்பாயில தாராவியில இருக்கா. செல்லக்கனி தன் ஒத்த வளையலக் கொண்டாந்து மாட்டிட்டு, “அவகிட்ட இருக்கதைப் பிடுங்கிட்டு வா சாமி”ன்னு வாய்விட்டே செபம் பண்ணுனா, பக்கத்துல நின்ன எனக்கே கூச்சமா இருந்துது. வளையல் வரல. மறுநாளும் வரல. ஏழு நாளாச்சு. “எங்கயோ தொலைச்சுட்டா போலுக்கு”ன்னு ஒருத்தி சொன்னா, “தொலைச்சிருந்தா வந்துருக்குமே”ன்னு இன்னொருத்தி சொன்னா. அதைக் கேட்டதும் செல்லக்கனிக்கு மூஞ்சி மாறிப்போச்சு, போனைப் போட்டுட்டா. “அக்கா, ஆத்தா வளையலு எங்கருக்கு?” “கையில கெடக்குட்டீ. எங்க போகும்? ஒரு நாளும் கழட்டுனதில்ல”ன்னா அக்கா. ரெண்டு பேரும் போன்ல அழுத அழுகைக்கு நாங்க நாலு பேரு நின்னு மூக்கைச் சிந்துனோம்.

அதுக்கு அடுத்தாப்புல தபால்காரர் ஆசீர் அண்ணாச்சி. அவுக சம்சாரம் செத்துப் பொதைக்கையில ஒரு கால் மிஞ்சி விரல விட்டு வரல, வீங்கிட்டு, அப்படியே போட்டுப் பொதைச்சுட்டு, கழண்டு வந்த இன்னொண்ண அவுக சட்டைப்பையில வச்சுக்கிட்டே தபால் குடுப்பாக. அதைக் கொண்டாந்து மாட்டுனாக. மறுநாள் சோடி வந்துது, கல்லறைத்தோட்டத்துச் செம்மண்ணோட. அண்ணாச்சி நேரா சைக்கிள எடுத்துக்கிட்டுப் போயி கல்லறையப் பாத்துட்டு வந்தாக, ஒரு பொடிக்கல்லு நவுரல. ரெண்டு மிஞ்சியையும் கையில வச்சுக்கிட்டு, “உசுரோட இருக்கவுக மேல கெடக்கதை மரம் தொடாது போலுக்கு. தொலைஞ்சது வரும், மறந்தது வரும், மண்ணுக்குள்ள போனது வரும்”னாக, தபால் விலாசம் வாசிக்க மாதிரி.

சொல்லி வாய மூடல, அங்கன நின்ன அத்தனை பேரும் திரும்பி ஞானப்பூ மைனியப் பாத்தோம். பாக்கக் கூடாதுன்னு நெனச்சுக்கிட்டே பாத்தோம்.

ஞானப்பூ மைனி எங்க பக்கத்து வீடு. எனக்கு ரத்தச் சொந்தமில்ல, ஆனா மைனின்னு கூப்பிட்டே மைனி ஆயிட்டா. பீடி சுத்துவா, பேசிக்கிட்டே சுத்துவா, பீடியப் பாக்கவே மாட்டா. அவ மகன் எடிசன். எங்க தெருவுக்குக் கரண்டு வந்த அன்னைக்குப் பொறந்தான், அவுக அப்பா லைட்டைப் பாத்துட்டு வந்து பிள்ளையப் பாத்துட்டு அந்தப் பேரை வச்சாரு, அந்த மனுசன் பிள்ளைக்கு நாலு வயசுல பனையில இருந்து விழுந்து போய்ச் சேந்துட்டாரு, அது வேற கதை, அதைச் சொன்னா விடிஞ்சிரும். எடிசன் பத்தொம்பது வயசுல போர்வெல் லாரியில வேலைக்குப் போனான், வடக்க, பாசை தெரியாத ஊருக்கு. போற அன்னைக்கு மைனி தன் எடது காதுல கெடந்த தங்க வளையத்தைக் கழட்டி, கறுப்புக் கயித்துல கோத்து அவன் கழுத்துல கட்டுனா. மூணு முடிச்சு போட்டா. தலை வழியாக் கழட்ட முடியாதபடிக்குச் சின்னதாக் கட்டுனா.

“எம்மா, நாய்க்குக் கட்டுத மாதிரி கட்டுதியே, மூச்சு முட்டுது”ன்னான்.

“முட்டட்டும். ஒண்ணு ஒங்கிட்ட, ஒண்ணு எங்கிட்ட. நீ வந்தப் பொறவு சோடி சேத்துக்கிடலாம்.”

“உசுரு இருக்க மட்டும் இது கழுத்துல கெடக்கும் போதுமா? நானே வந்து ஒங் காதுல மாட்டுதேன், அழாத.”

“யாருல அழுதா? பீடித்தூளு கண்ணுல விழுந்துட்டு.”

மூணு லெட்டர் வந்துது, ஒரு போன் வந்துது, அப்புறம் ஒண்ணும் வரல. போயிக் கேட்டா லாரிக்காரங்க, “ஏதோ ஒரு ஊருல சாமான் வாங்க எறங்குனான், திரும்பி வரல”ன்னாங்க, எந்த ஊருன்னு கேட்டா ஆளுக்கொரு ஊரு சொன்னாங்க. அதோட பதினோரு வருசம். மைனி வலது காதுல ஒத்த வளையத்தோட நடந்தா, ஊரு அவளுக்கு ஒத்தவளையம்னே பேரு வச்சுட்டு. எடது காதுத் தொளை தூந்து போயிரக் கூடாதுன்னு தென்னை ஈர்க்குல ஒரு துண்டு ஒடிச்சு சொருகி வச்சிருப்பா. சனிக்கிழமை சனிக்கிழமை பழைய ஈர்க்கை எடுத்துட்டு, எண்ணெய் தொட்டு, புது ஈர்க்கு வைப்பா. “வந்து மாட்டுதேன்னுருக்கான், வாரப்போ தொளை இருக்கணுமில்லா”ம்பா. பதினோரு வருசத்துல ஒரு சனிக்கிழமை தவறல, எத்தனை ஈர்க்குன்னு நீங்களே கூட்டிக்கிடுங்க.

மரத்தோட கணக்கு தெரிஞ்ச நாளுல இருந்து ஊரு ரெண்டாப் பிரிஞ்சுட்டு. மாட்டுங்க கட்சி, மாட்டாதிய கட்சி. வளையம் வரலன்னா எடிசன் உசுரோட இருக்கான், கழுத்துல கெடக்கு. வந்துட்டா இல்ல. இதுக்கு நடுவுல, “தொலைச்சிருந்தாலும் வருமே, வித்திருந்தாலும் வருமே”ன்னு ஒரு மூணாவது கட்சி. மைனி அதை மட்டும் ஒத்துக்கிடல, “எம்புள்ள கழட்ட மாட்டான். கழட்டவும் முடியாது, நான் போட்ட முடிச்சு”ன்னா. குழாயடியில செல்லக்கனி பைய நெருங்கி, “ஏக்கா, ஒரு ராத்திரிதான, மாட்டிப் பாத்துருங்க, எனக்கு எப்படி நிம்மதியாப் போச்சு தெரியுமா?”ன்னா.

“ஒனக்கென்னட்டீ, நீ வளையலத் தேடுன”ன்னா மைனி. குடத்தை எறக்கி வச்சுட்டு எல்லாருக்கும் சேத்துச் சொன்னா: “பதினோரு வருசமாத் தெரியாம இருக்கேன். இப்ப அதுதான் எனக்கு வீடு. அதுல இருந்து என்னைக் கெளப்பி எங்க அனுப்பப் பாக்கிய?”

தண்ணி நெறஞ்சு வழிஞ்சுது, குழாய அடைக்கக்கூட ஒருத்திக்கும் கை போகல.

ஆனா மரம் வெட்டுன மரமில்லா, எத்தனை நாளைக்குப் பச்சையா இருக்கும்? மார்கழி பொறக்கதுக்குள்ள சவுக்கு பழுத்து உதிர ஆரம்பிச்சுட்டு. நான் கூட்டக் கூட்ட கொட்டும். சோடி வாரதும் கொறஞ்சுட்டு. வாரது ஒரு ராத்திரியில வந்துரும், ஆனா சில செருப்புக்குப் பாதிச் செருப்புதான் வந்துது. பண்டிகை முடியவும் மரத்த எடுத்துருவோம்னு உபதேசியார் அறிக்கை வாசிச்சாரு. இருவத்திமூணாம் தேதி மைனி என் வீட்டு அடுக்களைக்கு வந்தா. நான் முறுக்குப் பிழிஞ்சுக்கிட்டு இருந்தேன். பக்கத்துல உக்காந்து ஒரு முறுக்கை எடுத்து, கடிக்காம, அதைச் சுத்திச் சுத்திப் பாத்துக்கிட்டே சொன்னா.

“ஏட்டி ராகேலு, நாளைக்கு நான் செத்துட்டா அவனைத் தேட ஆளு கெடையாது பாத்துக்க.”

“என்ன பேச்சு மைனி, பண்டிகை நாளும் அதுவுமா.”

“இல்லட்டி. தேட ஆளில்லாம ஒருத்தன் வடக்க கெடக்கக் கூடாது. தேட வேண்டியதில்லன்னாவது ஒருத்திக்குத் தெரியணுமில்லா, அதுக்கு நான் இருக்கையிலயே தெரிஞ்சுட்டாத் தேவலை. மாட்டிருதேன்.”

எண்ணெயில கெடந்த முறுக்கு கருகிப்போச்சு. ரெண்டு பேரும் எடுக்கல.

அன்னைக்குச் சாயங்காலம் வெளிச்சம் இருக்கையிலயே ஊரே கோயிலுக்குள்ள. மைனி நல்ல சீலை கட்டியிருந்தா. மரத்த மூணு தடவை சுத்தி வந்தா, எந்தக் கொப்புன்னு தெரிஞ்செடுத்தா. மொதல்ல உச்சிக்கிட்ட ஒண்ணப் பாத்தா, “அவனுக்கு உயரம்னா பயம்”னு விட்டுட்டா, அவுக அப்பா விழுந்ததுல இருந்து. கதவுப் பக்கம் ஒண்ணப் பாத்தா, “காத்தடிக்கும்”னு விட்டுட்டா. கடைசியா ஒரு பச்சைக் கொப்பு, அத்தனை கொப்பும் பழுத்துருக்க அது ஒண்ணு மட்டும் பச்சையா இருந்துது, அவ நெஞ்சு உயரத்துக்கு, பத்தொம்பது வயசுப் பிள்ளைய நெஞ்சோட சாச்சா தலை எங்க வருமோ அந்த உயரத்துக்கு, அதுல வலது காதுல இருந்து கழட்டி மாட்டுனா. மொத தடவையா அவளுக்கு ரெண்டு காதும் மொட்டையா இருந்துது. உபதேசியார் பாட்டு எடுத்தாரு, தனியா ஒரு சரணம் பாடிட்டு நிறுத்திட்டாரு. எங்க கோயிலுக்குப் பூட்டெல்லாம் கெடையாது, இருந்த ஒரே பூட்டு அந்தப் பெட்டிப் பூட்டுதான். மொத மணி அடிக்கதுக்கு முந்தி ஒருத்தரும் உள்ள போகப்படாதுன்னு பேசி, கதவைச் சாத்திட்டு எல்லாரும் போயிட்டோம்.

நான் மட்டும் எப்பவும் போல மணிக்கு முந்தியே கூட்டப் போனேன். கூட்டுதவளுக்கு யாரு தடை சொல்லுவா?

இனிதான் நான் சொல்ல வேண்டியது. இவ்வளவு நேரம் செருப்பையும் வளையலையும் சொல்லிக்கிட்டு இருந்தது இதுக்கு வராம இருக்கத்தான்.

வளையம் வந்துருந்துது. கறுப்புக் கயித்தோட வந்துருந்துது. மூணு முடிச்சும் அப்படியே இருந்துது, அவுக்கல, அறுக்கல. கயித்தோட பிரியெல்லாம் சாம்பக் கலருல கல்லுத்தூளு, போர் போடையில குழியில இருந்து பறக்குமே அந்தத் தூளு, தண்ணியில கொழஞ்சு காஞ்சு அப்பிக் கெடந்துது. லாரிக்காரங்க சொன்ன ஊரு ஒண்ணுலயும் அவன் எறங்கல, போர் போட்ட எடத்துலயே போயிருக்கான். இன்னொண்ணும் பாத்தேன், எல்லாச் சோடியும் ஒரு சாண் தள்ளித் தொங்கும்னு சொன்னேன்லா, இது ரெண்டும் தள்ளித் தொங்கல. ஒரு வளையத்துக்குள்ள இன்னொரு வளையம் கோத்துக் கெடந்துது, சங்கிலிக் கண்ணி மாதிரி. தாயும் பிள்ளையும்னு மரத்துக்கும் தெரிஞ்சிருக்குன்னு அப்ப நான் நெனச்சேன். கூறுகெட்டவ, அப்படித்தான் நெனச்சேன்.

என்ன நெனச்சு அதைச் செஞ்சேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு விளங்கல. கொக்கிய நீக்கி, கோத்துக் கெடந்ததைப் பிரிச்சேன். அவளோடத அங்கனயே விட்டுட்டு, அவனோடத, கயித்தோட, எடது கையில பொத்திக்கிட்டேன். கல்லுத்தூளு உள்ளங்கையில நறநறன்னுது. வெளிய வந்தா, மணிக்கூண்டுப் படியில மைனி உக்காந்துருக்கா. குளிச்சு, ஈரத்தலையோட.

“எப்ப வந்த மைனி?”

“இப்பந்தான்.”

வந்துதான்னு அவ கேக்கவே இல்ல. என் மூஞ்சியப் பாத்தா. நானாத்தான் சொன்னேன், “வரல மைனி. ஒத்தையாத்தான் தொங்குது. உசுரோட இருக்கான் ஒம்புள்ள.”

மைனி எந்திரிச்சு வந்து, பொத்திக்கிட்டு இருந்த என் எடது கைய, அதே கைய, தன்னோட ரெண்டு கையாலயும் பிடிச்சா. விரிக்கச் சொல்லிருவாளோன்னு நெனச்சேன். விரிக்கச் சொல்லல. பொத்துன கைக்கு மேல அவ கை ரெண்டையும் வச்சு, குளிருக்குக் கோழிக்குஞ்சப் பொத்துவோமே அந்த மாதிரி பொத்திக்கிட்டு, ரொம்ப நேரம் நின்னா. அப்புறம் மணியடிக்க வந்த எங்க வீட்டுல அவுகளப் பாத்து, ஊருக்கே கேக்குத மாதிரி, “அண்ணே, நல்லாக் கெட்டியா அடிங்க, எம்புள்ள உசுரோட இருக்கான்”னா.

அந்தக் கிறிஸ்மஸ் மாதிரி ஒரு கிறிஸ்மஸ் எங்க ஊருல நடக்கல. மாட்டுங்க கட்சியும் மாட்டாதிய கட்சியும் கட்டிப்பிடிச்சுக்கிட்டு அழுதாக, ஆசீர் அண்ணாச்சி லீவு நாளுலயும் யூனிபாரத்தை மாட்டிக்கிட்டு வீடு வீடா, “வரல, வளையம் வரல”ன்னு சேதி சொல்லிட்டு வந்தாக, ஒண்ணும் வராததைத் தபால்காரர் வீடு வீடாக் கொண்டு குடுத்தது அன்னைக்குத்தான். மைனி பதினோரு வருசத்துக்குப் பொறவு பலகாரஞ் சுட்டா, வந்தவுகளுக்கெல்லாம் குடுத்தா, சிரிச்சா. நான் அந்த வளையத்தைக் கருப்பட்டிப் பானைக்கு அடியில ஒளிச்சு வச்சேன். அதுக்குப் பொறவு மரம் ஒரு சோடியும் சேக்கல, காஞ்சு நின்னுது, தைப் பொறக்க முந்தி வெட்டி அடுப்புல வச்சோம், ரொம்ப நேரம் நின்னு எரிஞ்சுது.

ஒன்பதரை வருசம் ஓடிட்டு. மைனி ஒத்த வளையத்தோடயே இருந்தா. எடது காதுப் பக்கம் மட்டும் முடிய எறக்கி வாருவா, கோயிலுக்கு வந்தா முக்காட்ட இழுத்து விட்டுக்கிடுவா, வயசாச்சு, கூச்சம்னு நான் நெனச்சேன். கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் எடிசனுக்குன்னு ஒரு எலை போடுவா, ஆனா மரத்துக்கு முந்தியெல்லாம் மூடி வச்சுட்டுக் காத்திருப்பா, பொறவு எம் பேரன உக்கார வச்சு, “இது எடிசன் மாமா பங்கு, நீ தின்னுய்யா, சோறு வீணாப் போகக் கூடாது”ம்பா. அப்பவும் எனக்கு ஒறைக்கல. சில நாளு பீடி சுத்திக்கிட்டே, “எடிசனுக்கு இப்ப நாப்பது ஆகப் போவுதுல்லாட்டி ராகேலு, வழுக்கை விழுந்துருக்குமோ?”ன்னு என்னையக் கேப்பா. “அவுக அப்பாவுக்கு முடி நல்லா இருந்துதே மைனி, விழுந்துருக்காது”ம்பேன். “ஆமா, விழுந்துருக்காது”ம்பா. எனக்காகக் கேட்டுருக்கா. நான் சொன்ன பொய்ய நான் தனியாச் சொமக்கக் கூடாதுன்னு ஒரு கை பிடிச்சுருக்கா.

இந்த ஆடியில போயிட்டா. பீடித்தட்டு மடியில இருக்க, சொவத்துல சாஞ்சமேனிக்கே. குளிப்பாட்ட நாங்க நாலு பொம்பளைங்க. நான் வீட்டுக்கு ஓடி, கருப்பட்டிப் பானையக் கவுத்து, வளையத்தை எடுத்துட்டு வந்தேன். மத்தவுகள வெளிய நிக்கச் சொன்னேன். உசுரோட இருக்கையில திருடுனதை, போறப்பவாவது அவ காதுல போட்டு சோடியா அனுப்பணும்னு. தலையத் துடைச்சு, எடது பக்கத்து முடிய ஒதுக்குனேன்.

காதுல ஈர்க்கு இல்ல.

தொளையும் இல்ல. தூந்து, சதை மூடி, தடம்கூட இல்லாம வழவழன்னு, பச்சைப்பிள்ளை காது மாதிரி இருந்துது. நேத்து முந்தாநாளு மூடுன தொளை இல்ல அது. பதினோரு வருசம் ஒரு சனிக்கிழமை தவறாதவ, எந்தச் சனிக்கிழமையோட நிறுத்தியிருப்பான்னு எனக்கு அப்பத் தெரிஞ்சுது. ஈரத்தலையோட படியில உக்காந்துருந்தவ எனக்கு முந்தியே உள்ள போயிட்டு வந்தவ. அந்த ரெண்டு வளையத்தையும் கோத்தது மரமில்ல. ஒரு சாண் தள்ளித் தொங்குனதை அவதான் கையால எடுத்து, பிள்ளைய மடியில போட்டுக்கிட்ட மாதிரி, ஒண்ணுல ஒண்ணு கோத்து மாட்டிட்டு வந்து உக்காந்துருக்கா. நான் போயிப் பிரிச்சேன். பிரிச்சுட்டு வந்து உசுரோட இருக்கான்னேன். அவ என் பொத்துன கையப் பிடிச்சது என்னையப் பிடிச்சதில்ல. உள்ள இருந்த மகன, கடைசியா ஒரு தடவை பிடிச்சுருக்கா.

வெளிய இருந்து செல்லக்கனி, “என்னக்கா, நேரமாவுது, ஐயரு வந்துட்டாரு”ன்னா. காதுல குத்திப் போட எனக்குக் கை வரல. அவ மூடி வச்சதைத் தொறக்க நான் யாரு? வலது காதுல கெடந்த வளையத்தோட கொக்கிய நீக்கி, அதுக்குள்ளயே அவனோட வளையத்தைக் கோத்தேன். கயித்த எடுக்கல, தூளைத் துடைக்கல, முடிச்ச அவுக்கல. ஒரே காதுல ரெண்டும் தொங்குச்சு. பாக்க வந்தவுக எல்லாரும் பாத்தாக. ஒருத்தரும் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல, ஆசீர் அண்ணாச்சி மட்டும் தொப்பியக் கழட்டிட்டு மைனியக் கும்பிடதுக்கு முந்தி அந்தக் கயித்தைத் தொட்டுக் கும்பிட்டாக.

பெட்டியத் தூக்கையில வளையம் ரெண்டும் மோதிச் சின்னதா ஒரு சத்தம் கேட்டுது. அவ்வளவு அழுகைக்குள்ளயும் கேட்டுது. பெட்டியத் தூக்குனவுக ஒரு நிமிசம் நின்னு, அதுக்கப்புறம் அந்தச் சத்தம் கேக்காதபடிக்கு, குலுங்காம, பைய நடந்தாக.